முருங்கைப் போத்து

"இந்த மாதிரி வெறகுக்கெல்லாம் லக்கேஜ் போடணும்மா" என்றான் கண்டக்டர்.

பூவம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். நாகப்பட்டினத்தில் பஸ் ஏறியதிலிருந்து அந்த முருங்கைக் கிளையை அவள் கீழே வைக்கவில்லை. மணிக்கட்டுப் பருமன், இடுப்பு உயரம். கையால் பிடித்திருக்கவும் இல்லை, அக்குளில் இடுக்கியிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் அதன் முனை கண்ணில் குத்திவிடுமோ என்று கழுத்தைச் சாய்த்தபடியே வந்துகொண்டிருந்தார்.

"இது வெறகு இல்ல. மருந்து."

"மருந்தா? எந்த டாக்டரு கொம்ப எழுதிக் குடுத்தாரு?"

நாலு பேர் சிரித்தார்கள். "ஆஸ்பத்திரி டாக்டரம்மா. சந்தேகம்னா எறங்கிப் போயிக் கேட்டுட்டு வாங்க தம்பி. நாங்க வண்டியோட இங்கயே இருக்கோம்" என்றாள் பூவம்மாள். இந்தத் தடவை பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டான்.

வாய் ஒன்றுதான் அவளுக்கு மிச்சமிருந்தது என்று தெருவில் சொல்வார்கள். மகளைக் கட்டிக்கொடுத்த வருஷம் விரல் கணுக்களில் ஆரம்பித்த வலி, மணிக்கட்டு, முழங்கால் என்று ஒவ்வொரு மூட்டாகக் குடியேறியது. காலையில் எழுந்தால் வெயில் ஏறும்வரை கை விறைத்துக் கிடக்கும். நாற்று முடிச்சைப் பிரித்து நடவு வரிசையில் முதல் ஆளாகப் போனவள், தூக்குச்சட்டியின் காதைப் பிடிக்க முடியாமல் நின்றாள். விரல்கள் முழுக்க மூடவும் மாட்டா, முழுக்க விரியவும் மாட்டா. எதையோ வாங்கிக்கொள்ள நீட்டிய மாதிரி பாதி மடங்கி அப்படியே நின்றுவிட்டன. சரவாங்கி என்றார் பக்கத்து ஊர் வைத்தியர். சொன்னதோடு விட்டாரா? மீன் ஆகாது, நண்டு ஆகாது, முட்டை ஆகாது, கீரை ஆகவே ஆகாது, எல்லாம் வாயு என்று கடும் பத்தியம் போட்டுவிட்டார். வறுத்த உப்பும் கஞ்சியும்தான்.

அவள் புருஷன் தங்கையன் அந்தப் பத்தியத்துக்குக் காவல்காரன் ஆனான். பக்கத்து வீட்டு அகிலாண்டம் ஆசையாக ஒரு கிண்ணம் நண்டு ரசம் கொண்டுவந்தால் வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்புவான். ஒன்று சொல்ல வேண்டும், அந்த மனுஷன் தானும் சாப்பிடவில்லை. மீன் வாடை அவளைச் சுண்டி இழுக்கும் என்று வருஷக்கணக்கில் அவனும் வறுத்த உப்பையே தொட்டுக்கொண்டு கஞ்சி குடித்தான். பிரியம் என்றால் அப்படிப் பிரியம். அந்தப் பிரியம்தான் அவளைக் கொல்லப் பார்த்தது. வலி குறையவில்லை. ரத்தம்தான் குறைந்தது. நாக்கு வழவழவென்று சிவந்து புண்ணானது, கடைவாய் வெடித்தது, விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கண் மங்கியது. ஒருநாள் வரப்பில் போகையில் சேற்றில் குப்புற விழுந்தவளைக் கயிற்றுக் கட்டிலில் போட்டுத்தான் நாகப்பட்டினத்துக்குத் தூக்கிப் போனார்கள்.

அங்கிருந்த டாக்டரம்மா சின்ன வயசு, ஆனால் உட்கார்ந்து பேசுகிறவள். "ஒடம்பக் காக்கறதுக்குன்னு உள்ள ஒரு படை இருக்கும்மா. வெளியிலேருந்து கிருமி வந்தா அடிச்சு வெரட்டும். ஒனக்கு அந்தப் படையே திரும்பி ஒன் மூட்டுகள அடிக்குது" என்றாள்.

பூவம்மாளுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "கூலிச் சண்டையப்ப எங்க ஊர்ல போலீசு கேம்ப்பு போட்டாங்களே, அது மாதிரின்னு சொல்லுங்க. காவலுக்குன்னுதான் வந்தாங்க. எங்க தெருவுலயே பூந்து அடிச்சாங்க."

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு, "ஆமா, அதேதான்" என்றாள்.

"அப்ப இது போவாதா?"

"முழுசாப் போகாது. மாத்திரையால அடக்கி வைக்கலாம். ஆனா நீ இப்ப விழுந்து கெடந்தியே, அது அதனால மட்டும் இல்ல. பட்டினியால."

"மூணு வேளையும் கஞ்சி குடிச்சேனேம்மா!"

"வயிறு குடிச்சுது. ரத்தத்துக்கும் எலும்புக்கும் என்ன போட்டே? நோயோட சண்ட போடற ஒடம்புக்குத்தான் இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் எல்லாம் கூடுதலா வேணும். நீ இருந்ததையும் நிறுத்திட்டே."

சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தாள். வலி மாத்திரையால் ஏற்கெனவே வெந்துகிடந்த வயிறு அதைத் தங்கவிடவில்லை, விழுங்கியதும் வாந்தி. கடைசியில், சாப்பாட்டு வழியாகத்தான் ஏற்ற வேண்டும் என்றாள். முட்டை கிடைத்தால் முட்டை, பொடிமீனை முள்ளோடு, எது இல்லாவிட்டாலும் தினம் ஒரு கை முருங்கைக்கீரை, மேலே நாலு சொட்டு எலுமிச்சம்பழம். பக்கத்துக் கட்டிலில் கிடந்த மெஹராஜ் பேகம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். இருவரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில்தான் அவள் வீடு. கொல்லை முருங்கையில் ஒரு கிளையை வெட்டச் சொல்லி, "போத்து வச்சா பொழைச்சுக்கும் அக்கா. வேர் இல்லியேன்னு நெனைக்காத" என்று கொடுத்தாள். விதை போட்டுக் காத்திருக்க வேண்டாம், வெட்டிய கிளையை அப்படியே மண்ணில் ஊன்றினால் போதும். முருங்கை அந்தச் சாதி.

ஆனால் ஊன்றுவதற்கு மண் வேண்டுமே! பூவம்மாளின் தெரு கீழ்வேளூரிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு வாய்க்கால் மேட்டில் இருந்தது. மேடு பண்ணைக்குச் சொந்தம். குடிசை போட்டுக்கொள்ளலாம், உழைத்துக்கொட்டலாம், சாகலாம். மரம் மட்டும் வைக்கக் கூடாது. எழுதிவைத்த சட்டம் இல்லை, ஆனாலும் அந்தத் தெருவில் ஒரு வாழைக் கன்றுகூடக் கிடையாது. சென்னையில் ஆட்சி மாறி, கருப்பு சிவப்புக் கொடி கோட்டைக்குப் போய், வயல்வெளியில் செங்கொடிச் சங்கமும் வலுத்துவிட்ட பிறகு இந்தக் கெடுபிடி இன்னும் கூடியது. குடியிருப்பவனுக்கே மனையை எழுதிக்கொடுக்கப் போகிறார்களாம் என்று ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. மரம் நின்றால் எத்தனை வருஷமாகக் குடியிருக்கிறான் என்று அது சொல்லிவிடும். வரப்பில் கீரை பறிக்கலாம், வாய்க்காலில் நண்டு பிடிக்கலாம் என்றால், புது நெல்லுக்கு அடிக்கிற பூச்சி மருந்தில் நண்டெல்லாம் செத்து மிதந்தன. மருந்து பட்ட கீரையை மாடுகூட முகர்ந்துவிட்டு நகர்ந்தது.

கிளையோடு வந்து நின்றவளைப் பார்த்ததும் தங்கையனுக்கு முகம் வெளுத்தது. "கீரையெல்லாம் வாயுவாச்சே பூவு. அதுவும் இங்க வைக்கவா?"

"வாசல்ல. பின்னால ஈரம், வேரு அழுவிடும்."

குழி அவன்தான் தோண்டினான். ஊன்றியதும், வெட்டுவாய் காய்ந்து போகாமல் இருக்க உச்சியில் ஒரு உருண்டை சாணியை அவள் அப்பினாள். விறைத்த விரல்களில் அந்த ஒரு வேலை மட்டும் சுலபமாக நடந்தது, பாதி மடங்கிய கை சாணி அள்ளத் தோதாக இருந்தது.

மறுநாள் காலையிலேயே காரியக்காரர் பஞ்சநாதனின் சைக்கிள் மணி கேட்டது. பண்ணையார் திருவாரூரில் இருந்தார். இங்கே ஆள் வைப்பது, ஆளை நிறுத்துவது எல்லாம் பஞ்சநாதன்தான். குளித்து விபூதி பூசி, வெள்ளைத் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டியிருந்தார். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"என்ன தங்கையா, வாசல்ல கொடிக்கம்பம் நட்டிருக்கே?"

தங்கையன் தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். "சும்மா ஒரு முருங்கக் கொம்புங்கய்யா."

"பண்ண எடத்துல மரம் வைக்கிற பழக்கம் எப்பேருந்து?"

"எனக்கு ஒடம்புக்கு முடியாமப் போனதுலேருந்து" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. பின்னாலேயே பூவம்மாளும் நிலையைப் பிடித்துப் பிடித்து வந்தாள்.

"வாசல்ல முருங்க வச்சா பேய் வந்து ஏறிக்கும், தெரியுமில்ல?"

"ஏறட்டுங்களேன். இந்தத் தெருவுக்கு வராத பேயா? அதுக்கும் ஒக்கார ஒரு எடம் வேணாமா?"

பஞ்சநாதனின் முகம் கறுத்தது. "புடுங்கிப் போடு அத."

அவள் இரண்டு கைகளையும் அவர் முன்னால் நீட்டினாள். "இந்தக் கையப் பாருங்க. ஒரு கரண்டியக்கூடப் புடிக்காது. நீங்களே எறங்கிப் புடுங்கிட்டுப் போயிடுங்க."

அவர் போத்தைப் பார்த்தார். பச்சைச் சாணி உச்சியிலிருந்து வழிந்து பாதி உடம்புக்கு இறங்கியிருந்தது. தன் வெள்ளை வேட்டியையும் பார்த்துக்கொண்டார். "நாளையிலேருந்து நீ வேலைக்கு வர வேண்டாம்டா" என்று தங்கையனிடம் சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார்.

அன்று பொழுது சாயும்போது தங்கையன் போத்தின் கழுத்தில் கைவைத்து நின்றான். பிடுங்கத்தான் வந்திருக்கிறான் என்று பூவம்மாளுக்குத் தெரிந்தது. மெதுவாக நகர்ந்து வந்து போத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கிச் சோத்துக்கு என்னடி பண்றது?" என்றான்.

"நீங்க பத்தியம்னு சொன்னப்ப நான் ஒரு வார்த்த எதுத்துப் பேசுனனா? அது தப்புன்னு ஆஸ்பத்திரியில சொன்னப்பவாவது ஒங்கள நொந்துக்கிட்டனா? எம்மேல ஆசையிலதான பண்ணுனீங்க. இப்ப நான் சொல்றேங்க. எனக்கு இது கீர இல்ல, ரெத்தம். இதப் புடுங்குறதுன்னா என்னயும் சேத்துப் புடுங்கிப் போட்டுடுங்க."

தங்கையன் கையை எடுத்தான். அப்படியே அவள் பக்கத்தில் குந்தினான். மறுநாள் விடிந்ததும் கீழ்வேளூருக்கு நடந்தான். அரிசி மில்லில் மூட்டை தூக்குகிற வேலை கிடைத்தது. முதுகு உரிகிற வேலை.

பஞ்சநாதன் ஆளை விட்டுப் பிடுங்கியிருப்பார். சங்கத்துக்காரர்கள் தெருவுக்கு அடிக்கடி வந்துபோய்க்கொண்டிருந்ததால் அப்போதைக்கு விட்டுவைத்தார். போத்து அந்த இடைவெளியில் பிழைத்துக்கொண்டது. கணுவுக்குக் கணு பச்சை எட்டிப்பார்த்து, ஒரு மழைக்குள் கிளையாகி, அடுத்த கோடைக்குள் கூரையைத் தாண்டிவிட்டது. கிளையை எட்டி இழுக்க அவளுக்கு ஒரு துரட்டிகூட வேண்டியிருக்கவில்லை, அக்குளில் வளைத்து இடுக்கி உடலைச் சாய்த்தால் ஒடிந்துவிடும். ஈர்க்கிலிருந்து இலையை உருவுவதுதான் முடியாது. அதற்கு அகிலாண்டம் ஒரு வழி சொன்னாள். ஈர்க்குகளைப் பழைய சேலைத் துணியில் இறுக்கி மூட்டைகட்டி இரவு வைத்துவிட்டால், காலையில் உதறினாலே இலை அத்தனையும் தானாகக் கொட்டிவிடும். விரல் வேண்டியதில்லை. தினம் காலையில் அவள் அந்தத் துணியை உதறுவாள். பச்சைப் பசேலென்று பாயில் கொட்டும். முதல்நாள் வதக்கியபோது தங்கையன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, அவளுக்கு வாயு வருகிறதா என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் ஒரு வாய் எடுத்து வைத்தான். பிறகு தினமும் சேர்ந்தே சாப்பிட்டார்கள். மில்லிலிருந்து வரும்போது அவன் சில நாள் ஒரு முட்டையும், மீன்காரியிடம் பொடிமீனும் வாங்கி வருவான்.

வலி போகவில்லை. யாரும் போகும் என்று சொல்லவும் இல்லை. மாத்திரை மாத்திரைதான், மழைக்கால விறைப்பு விறைப்புதான். ஆனால் நாக்குப் புண் ஆறி, புளியின் ருசி திரும்பி வந்தது. கடைவாய் கூடிற்று. ஒருநாள் அந்தி மயங்கும்போது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கொக்கு பறப்பதைப் பார்த்துவிட்டு, "ஏங்க, எனக்குத் தெரியுதுங்க!" என்று கத்தினாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்து, "பரவாயில்லையே, செவப்பு வந்துடுச்சே" என்றாள். அகிலாண்டத்தின் மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்தபோது அவளுக்கும் ஒரு கை போனது. பிறகு தெருவே வந்தது. பூவம்மாள் யாரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை.

அடுத்த ஆனியில் பேச்சு நிஜமாகிவிட்டது. குடியிருக்கிற மனை குடியிருப்பவருக்கே என்று சட்டம் வந்துவிட்டதாகவும், தாலுகா ஆபீசிலிருந்து தெருவைப் பார்க்க வரப்போவதாகவும் சங்கத்துக்காரர் சொல்லிவிட்டுப் போனார். யார் யார் எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள், என்ன அடையாளம் என்று கேட்பார்களாம். தெருவே திரும்பி அந்த ஒற்றை முருங்கையைப் பார்த்தது. பஞ்சநாதனும் பார்த்திருக்க வேண்டும்.

ஆற்றில் தண்ணீர் வந்து, சனமெல்லாம் நாற்றங்காலில் இருந்த ஒரு முற்பகல். பூவம்மாளுக்கு அன்றைக்கு முழங்கால் இரண்டும் வீங்கி எழுந்திருக்க முடியாத நாள். சைக்கிள் மணியோடு வேறு காலடிச் சத்தமும் கேட்டு, உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து வாசலுக்கு வந்தாள். வெளியூர் ஆட்கள் இரண்டு பேர், கையில் அரிவாள். அவள் மரத்தைப் பிடித்துக்கொண்டு எப்படியோ எழுந்து முதுகை அதில் சாய்த்து நின்றுவிட்டாள்.

"தள்ளிக்க" என்றார் பஞ்சநாதன்.

"வெட்டறதுன்னா என்னயும் வெட்டிட்டுப் போங்க."

ஆட்கள் தயங்கினார்கள். பஞ்சநாதன் அவசரப்படவில்லை. சைக்கிளில் சாய்ந்துகொண்டு காத்திருந்தார். அவருக்குத் தெரியும், அவளால் எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்று. வெயில் ஏறிற்று. முழங்கால்கள் நடுங்க ஆரம்பித்தன. பல்லைக் கடித்தாள், உள்ளுக்குள் தன் காலையே கெட்ட வார்த்தையில் திட்டினாள். கால் கேட்கவில்லை. மரத்தோடு சரிந்து சரிந்து கீழே உட்கார்ந்துவிட்டாள். சை, என்ன உடம்பு இது! எதிரியைப் போய் அடிக்காமல், தன்னைத்தானே அடித்துக்கொள்கிற உடம்பு! அவள் தலைக்கு மேலேயே முதல் வெட்டு விழுந்தது. இலை தலைமுடியில் கொட்டியது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வாய்விட்டு அழுதாள்.

மரம் சாய்ந்த பிறகும் பஞ்சநாதனின் ஆத்திரம் அடங்கவில்லை. தூரைத் தோண்டி எடுக்கச் சொன்னார். "ஒரு கெள முழுசா இருக்கக் கூடாதுடா. துண்டு துண்டா வெட்டிப் போடுங்க" என்றார். வெட்டினார்கள். இடுப்பு உயரத்துக்கு ஒன்று, முழங்கால் உயரத்துக்கு ஒன்று என்று தெருவெல்லாம் துண்டுகள் விழுந்தன. பூவம்மாளின் அழுகை நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு துண்டாகப் பார்த்தாள். மணிக்கட்டுப் பருமன். விவசாயம் பார்க்கிற மனுஷன்தான், சின்னப் பிள்ளைக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாதா? கோபம் கண்ணை மறைத்தால் அப்படித்தான். பிறந்ததிலிருந்து வாயை அடக்கித் தெரியாதவள், இன்னும் பொடியாக வெட்டச் சொல்லிவிடப் போகிறாரே என்று அன்றைக்கு வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"கெடக்கட்டும். அடுப்பெரிக்கக்கூட ஆவாது" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

நாற்றங்காலிலிருந்து திரும்பிய பெண்கள் தெருமுனையிலேயே நின்றுவிட்டார்கள். அகிலாண்டம் மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "அழுவாத, போயி கடப்பாறய எடுத்தா" என்றாள் பூவம்மாள். அகிலாண்டத்துக்கு முதலில் புரியவில்லை. பூவம்மாள் காலால் ஒரு துண்டைத் தள்ளிக் காட்டினாள். "இது ஒன் வாசலுக்கு. அது ராசு வீட்டுக்கு. எல்லாத்துக்கும் இருக்கு, அளவா வெட்டிக் குடுத்துட்டுப் போயிருக்காரு." அகிலாண்டம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்துவிட்டு, கண்ணீரோடேயே சிரிக்க ஆரம்பித்தாள்.

பொழுது இறங்குவதற்குள் தெரு முழுக்கக் குழி. மில்லிலிருந்து வந்த தங்கையன் தன் வாசலில் கிடந்த பள்ளத்தைப் பார்த்தான், சட்டையைக் கழற்றிப்போட்டுவிட்டுக் கடப்பாறையை வாங்கிக்கொண்டான். கடைசி வீட்டுக் காயாரோகணம் மட்டும் கதவைச் சாத்திவிட்டான். அவன் பிழைப்பு பண்ணையின் மாட்டுக் கொட்டகையில். "எனக்கு வேணாங்க்கா, என்ன உட்டுடுங்க" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. பூவம்மாள் வற்புறுத்தவில்லை. அவன் வாசலில் ஒரு துண்டைப் போட்டுவிட்டு, "இங்க கெடக்கட்டும்" என்று சொல்லித் திரும்பினாள். சாணிக் கூடையை அகிலாண்டம் சுமக்க, வீடு வீடாகப் போய் ஒவ்வொரு போத்தின் உச்சியிலும் பூவம்மாளே அப்பினாள். நடக்க முடியாத இடத்தில் தங்கையன் தூக்கிக்கொண்டு போனான். வெட்டிப்போட்ட ஈர்க்குகளை எல்லாம் பெண்கள் பொறுக்கிப் பழைய சேலையில் மூட்டை கட்டினார்கள்.

விடிந்ததும் அவள் அந்த மூட்டையை வாசலில் அவிழ்த்து உதறினாள். இலை கொட்டிக் குவிந்தது. அடுப்பில் வதக்கி, எலுமிச்சம்பழத்தைத் தங்கையனைப் பிழியச் சொல்லி, தட்டை மடியில் வைத்துக்கொண்டு புதுப் போத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போது சைக்கிள் வந்தது. மணி அடிக்கவில்லை. பஞ்சநாதன் தெருமுனையில் ஒரு காலை ஊன்றி நின்றார். இரண்டு பக்கமும் வாசலுக்கு வாசல் சாணித் தலைப்பாகை கட்டிக்கொண்டு போத்துகள் நின்றன. அவர் கை தானாகப் போய்த் தன் தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்தது. உதடு அசைய ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனவர், தெருக்கோடியில் நிறுத்தினார். பூவம்மாளும் அந்தப் பக்கம் திரும்பினாள். காயாரோகணம் வீட்டுக் கதவு சாத்தியேதான் இருந்தது. நேற்று கீழே கிடந்த துண்டு அதன் வாசலில் நிமிர்ந்து நின்றது. உச்சியில் அப்பியிருந்த சாணி இன்னும் காயவில்லை, சொட்டிக்கொண்டிருந்தது.

பூவம்மாள் மடங்கிய விரல்களால் இன்னொரு வாய் கீரையை அள்ளினாள்.